சவுரியும் சவரமும்

முடி போகும் பாதை – 9

சித்தூர் கடைவீதியில் ஒரு ஃபேன்சி ஸ்டோர். என் பக்கத்தில் நின்ற அம்மா, "சவரம் இருக்காப்பா?" என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் புழங்குகிற ஊர் இது. ஆனால் இந்த ஒரு சொல்லில் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். தமிழில் சவரம் என்றால் மழிப்பது. தெலுங்கில் அதே சவரம், நாம் சவுரி என்கிறோமே, வைத்துப் பின்னுகிற ஒட்டு முடி, அது. கடைக்காரர் கறுப்பாக ஒன்றை எடுத்து உதறிக் காட்டினார். நைலான்.

"அசல் முடியில இல்லையாங்க?" என்றேன்.

"அசல் எல்லாம் கப்பல் ஏறிடுதும்மா."

போன வாரம் உங்களைத் திருமலையில் மொட்டை போடும் இடமான கல்யாண கட்டாவில் விட்டுவிட்டு வந்தேன். டோக்கனோடு கொடுக்கிற பாதி பிளேடு, தலையில் ஊற்றும் சொம்புத் தண்ணீர், மழித்த தலையில் பூசும் சந்தனம் எல்லாம் பார்த்தோம். கீழே விழுந்த முடியைப் பின்தொடர்ந்தால் அது தரம் பிரிக்கும் இடத்துக்குப் போகிறது. தேவஸ்தானம் அங்குலக் கணக்கில் பிரித்து இணையவழியில் ஏலம் விடுகிறது. மிக நீளமானது முதல் தரம், அதற்கு அடுத்தது இரண்டாம் தரம், அப்படியே இறங்கிக்கொண்டே வரும். நரைமுடி தனி. முதல் தரம் கிலோ 20,000 ரூபாயைத் தாண்டிய ஏலங்கள் உண்டு. ஐந்து அங்குலத்துக்குக் குறைந்ததோ சில பத்து ரூபாய்க்குப் போகும். ஆண்களின் பக்தி பெரும்பாலும் இந்தக் கடைசிக் குவியலில்தான் கிடக்கிறது. காசு பெண்களின் தலையில் இருக்கிறது.

யாருக்கு வேண்டும் இவ்வளவு நீள முடி? ஒரு காலத்தில் வைதிக யூதப் பெண்களின் விக்குக்கும் நிறையப் போனது. 2004-ல் யூத மதகுரு ரப்பி எல்யாஷிவ், கோயில் காணிக்கை முடி ஆகாது என்று சொல்ல, நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் போட்டு விக்குகளைக் கொளுத்தினார்கள். அது தனிக் கதை, பிறகு வருவோம். இன்று இந்த முடிக்குக் கைவிடாத வாடிக்கை கறுப்பினப் பெண்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா என்று பரந்த வாடிக்கை. அழகுக்காக வாங்குகிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. நாம் மட்டும் சவுரி வைக்கவில்லையா? ஆனால் வேலைக்காக வாங்குகிறவர்களும் உண்டு. இந்த வாரம் அவர்களைப் பற்றித்தான்.

ரெனீ ராஜர்ஸ் அமெரிக்கன் ஏர்லைன்ஸில் விமான நிலைய ஊழியர். 1980-ல் ஒருநாள் தலையை மண்டையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னிக்கொண்டு வேலைக்கு வந்தார். சோளக்கொல்லையின் வரிசை மாதிரி இருப்பதால் இதற்குக் கார்ன்ரோ என்று பெயர். முழுத் தலையும் பின்னிக்கொண்டு வரக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. ராஜர்ஸ் வழக்குப் போட்டார். இது கறுப்பினப் பெண்கள் வழிவழியாகப் பின்னும் பின்னல் என்று வாதாடினார். 1981-ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் விதியை ஏற்றுக்கொண்டது. போ டெரெக் என்ற வெள்ளைக்கார நடிகை '10' என்ற படத்தில் இதே பின்னலோடு வந்து அது பிரபலமான கொஞ்ச நாளில்தான் ராஜர்ஸ் பின்னிக்கொண்டார் என்பதையும் தீர்ப்பு குறித்துக்கொண்டது.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்த இடம் இதற்கு அடுத்து வருகிறது. நிறுவனம் அவருக்கு ஒரு வழி சொல்லியிருந்தது: பின்னலைக் கொண்டையாக முடிந்து, வேலை நேரத்தில் அதன்மேல் ஒட்டு முடியைச் சுற்றிக்கொள்ளலாம். அதாவது, சவுரி வை. அவரும் வைத்துப் பார்த்தார். தலைவலி தாங்கவில்லை என்றார். அப்படியானால் இன்னும் பெரிய சவுரியாக வைத்துக்கொள்ளலாமே என்கிற ரீதியில் நீதிமன்றம் பதில் சொன்னது. நம் வீட்டுப் பாட்டி யாரையாவது அந்த நீதிமன்றத்தில் உட்காரவைத்திருக்க வேண்டும். இறுக்கி முடிந்த சவுரி பொட்டில் எப்படித் தெறிக்கும் என்று எடுத்துச் சொல்லியிருப்பாள்.

2010-ல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் இன்னொன்று. சாஸ்டிட்டி ஜோன்ஸுக்கு ஒரு கால் சென்டரில் வேலை உறுதியாகிவிட்டது. அவருடையது திரிதிரியாகத் திரண்ட டிரெட்லாக்ஸ். அதை எடுத்தால்தான் வேலை என்றார்கள், மறுத்தார், வேலை போனது. தொலைபேசியில் பேசும் வேலை! மறுமுனையில் இருப்பவருக்குத் தலையா தெரியப்போகிறது? 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கம்தான் நின்றது. இனம் மாற்ற முடியாதது, சிகையலங்காரம் மாற்றக்கூடியது என்பது வாதம்.

மாற்றக்கூடியதுதான். எப்படி மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு வழி, சுருளை நிமிர்த்தும் ரசாயனக் களிம்பு. கொஞ்சம் தவறினால் மண்டைத் தோல் வெந்துவிடும். இன்னொரு வழி, நம் முடி. சொந்த முடியை முதலில் கார்ன்ரோவாகப் பின்னிக்கொள்கிறார்கள். திருமலையில் விழுந்த மாதிரியான நீள முடியைத் துணிக்கரை போல வரிசையாகத் தைத்து வைத்திருப்பார்கள். வளைந்த ஊசியால் அந்தப் பின்னல்மேல் வரி வரியாகத் தைத்துக்கொண்டே போக வேண்டும். மணிக்கணக்காகும் வேலை. முடிந்ததும் தோளில் புரளும் முடி 'நீட்டாக' இருக்கும், ஆபீசுக்குப் பிரச்சினையில்லை. ராஜர்ஸை எந்தப் பின்னலுக்காக ஆகாது என்றார்களோ, அதே பின்னல்தான் அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் தாங்குகிறது.

இந்த வழக்குகளைப் படித்தபோது எனக்கு ஒரு பழைய சகஊழியர் நினைவுக்கு வந்தார். சென்னையில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். வரவேற்பில் இருந்த அக்கா திருப்பதியில் மொட்டை போட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்தார். "கொஞ்ச நாளைக்கு உள்ளே ஃபைலிங் பாருங்கம்மா" என்று மாற்றினார் மேலாளர். அதே மாதம் அதே மேலாளரும் பழனியில் மொட்டை போட்டார், தொப்பிகூடப் போடவில்லை. மூன்று மாதத்தில் அக்கா முன்னறைக்குத் திரும்பிவிட்டார். முடி வளர்ந்துவிட்டதே. ஜோன்ஸின் தலையில் முடி வளர்ந்தால் மறுபடி சுருளாகத்தான் வளரும். நம் அக்காவுக்கு இருந்த அந்த மூன்று மாதக் கணக்கு அவருக்குக் கிடையாது.

2019 ஜூலையில் கலிபோர்னியா, இயல்பான முடியை வைத்து வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்று சட்டம் போட்டது. அமெரிக்காவில் அதுதான் முதல். பிறகு இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துகொண்டன. நாடு முழுவதற்குமான மசோதா 2022-ல் பிரதிநிதிகள் சபையில் தேறி, செனட்டில் நின்றுபோனது. சட்டத்தின் பெயர் கிரவுன், கிரீடம். ஆங்கிலத்தில் எழுத்துகளைக் கோத்து மெனக்கெட்டு அந்தப் பெயரைப் பிடித்திருக்கிறார்கள். தமிழில் அந்தச் சிரமமே இல்லை, முடி என்றாலே இரண்டும்தான்.

கடைக்கே வருகிறேன். அந்த அம்மா நைலானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொண்ணுக்குத் தை மாசம் கல்யாணம். ஜடை தைக்கணும், தோள் வரைக்கும்கூட முடி வரல."

"ஏம்மா?"

"வேலை கிடைச்சா மலைக்கு முடி தர்றதா வேண்டியிருந்தா. பெங்களூர்ல கிடைச்சிடுச்சு. இடுப்புக்குக் கீழே இருந்ததுங்க, போன வருஷம் கொடுத்துட்டு வந்தோம்."

நைலானைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப மினுக்குது, வேற காட்டுப்பா" என்றார்.

(தொடரும்)