இரும்பு மனிதனும் வியாபார எதிரிகளும்

அயர்ன்மேன் என்ற பாத்திரம் 1963 மார்ச் மாதத்து ‘டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்’ 39ஆம் இதழில் முதன்முதலாக வந்தது. ஸ்டான் லீ கதையைக் கட்ட, லாரி லீபர் வசனம் எழுத, டான் ஹெக் படம் வரைந்தார். கவசத்தின் முதல் தோற்றத்தைத் தந்தவர் ஜாக் கிர்பி. கதாநாயகன் டோனி ஸ்டார்க் ஆயுதத் தொழிற்சாலை முதலாளி, பொறியாளர், பெரும் பணக்காரன். வியட்நாம் போர்முனையில் வெடிவிபத்தில் சிக்குகிறான். நெஞ்சில் பாய்ந்த இரும்புச் சில்லு இதயத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறது. சிறைபிடித்தவர்களின் கண்ணில் மண்ணைத் தூவி, யின்சென் என்ற முதிய விஞ்ஞானியின் துணையோடு, இதயத்தைக் காக்கும் கருவியோடு கூடிய ஓர் இரும்புச் சட்டையைச் செய்து மாட்டிக்கொண்டு தப்புகிறான். முதல் கவசம் சாம்பல் நிறம். இன்று எல்லாரும் அறிந்த சிவப்பும் பொன்னும் அந்த ஆண்டின் இறுதியில்தான் வந்தன.

சூப்பர்மேனுக்குப் பலம் பிறப்பிலேயே உண்டு. ஸ்பைடர்மேனுக்குச் சிலந்திக்கடியால் வந்தது. அவற்றை யாரும் திருடிக்கொண்டு போக முடியாது. ஸ்டார்க்கின் பலம் அப்படிப்பட்டதல்ல. அது வரைபடம், மின்சுற்று, தொழிற்சாலை, வங்கிக் கடன், அரசாங்க ஒப்பந்தம் எல்லாம் சேர்ந்து உண்டான பொருள். பொருள் என்றால் களவு போகும், பிரதி எடுக்கப்படும், கடனுக்கு ஈடாகும். தொடக்க ஆண்டுகளின் கதாசிரியர்கள் இதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. பனிப்போர்க் காலமாதலால் கிரிம்சன் டைனமோ, டைட்டேனியம் மேன் என்று சோவியத் கவசக்காரர்களை வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இரும்போடு இரும்பு மோதும் அந்தக் கதைகளில் இன்று நினைவில் நிற்பவை குறைவு. ஸ்டார்க்குக்கு வியாபாரப் போட்டியாளர்கள் முளைத்த பிறகுதான் கதை சூடு பிடித்தது.

முதலில் வந்தவன் ஜஸ்டின் ஹாம்மர். 1979இல் டேவிட் மிஷலினி, பாப் லேட்டன், ஜான் ரொமிட்டா ஜூனியர் மூவரும் உருவாக்கிய பாத்திரம் இது. வயதான, கோட்டும் சூட்டும் கலையாத கோடீஸ்வரன். யாரையும் கைநீட்டி அடிப்பவன் அல்ல. குற்றவாளிகளுக்கு ஆயுதமும் ஜாமீன் பணமும் கொடுத்து, அவர்கள் அடிக்கும் கொள்ளையில் பாதியை வாங்கிக்கொள்வதே அவன் தொழில். கார்னீலியா என்ற கற்பனை நாட்டின் ஒப்பந்தம் தன் கையை விட்டு ஸ்டார்க்கிடம் போனதில் அவனுக்கு வன்மம். கவசத்தைத் தூரத்திலிருந்தே ஆட்டிவைக்கும் ஒலியலைக் கருவி ஒன்றைத் தயார் செய்கிறான். முதலில் சின்னச் சின்னக் கோளாறுகள்: எதிர்பாராத நேரத்தில் ஏதாவது ஒரு பாகம் மக்கர் செய்யும். ஸ்டார்க் தன் வேலைத்திறனையே சந்தேகிக்கத் தொடங்குகிறான். பிறகு ஒருநாள், கூட்டத்தின் நடுவே கார்னீலியத் தூதரின் பக்கத்தில் அயர்ன்மேன் நிற்கும்போது, உள்ளங்கையிலுள்ள ரிபல்சர் என்ற கதிர் ஆயுதம் தானாக வெடிக்கிறது. தூதர் அந்த இடத்திலேயே சாகிறார். கவசத்துக்குள் இருப்பவனோ விரலைக்கூட அசைக்கவில்லை.

உலகம் கொலைகாரன் என்கிறது. கவசத்தைக் காவல்துறையிடம் ஒப்படைத்துவிட்டு, வெறுங்கையோடு சண்டை போடக் கேப்டன் அமெரிக்காவிடம் பாடம் கேட்கிறான் ஸ்டார்க். ஹாம்மரின் மிதக்கும் மாளிகைவரை போய்ச் சதியை அறிந்த பின்னும், இதற்கிடையே தொற்றிய குடிக்கு ஸ்டார்க் அடிமையாவது நிற்கவில்லை. அந்தத் தொடர் 1979 நவம்பரில் ‘டீமன் இன் எ பாட்டில்’ என்ற இதழோடு முடிந்தது. அமெரிக்க காமிக்ஸில் நாயகன் ஒருவனின் குடிப்பழக்கத்தை இவ்வளவு நேராகச் சொன்ன கதைகள் அதற்கு முன் அதிகம் இல்லை.

ஹாம்மரின் கருவி அந்தக் காலத்தில் கற்பனையாகத் தெரிந்திருக்கும். ஆனால் 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்ற இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள், நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி காரின் டிரான்ஸ்மிஷனை வீட்டில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாகச் செயலிழக்கச் செய்து காட்டினார்கள். ஓட்டியவர் முன்கூட்டியே சம்மதித்த செய்தியாளர். காருக்குள் ஒரு கம்பியைக்கூட யாரும் தொடவில்லை. ஃபியட் கிரைஸ்லர் நிறுவனம் 14 லட்சம் வாகனங்களைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. எந்த இயந்திரம் வெளியிலிருந்து கட்டளை வாங்குகிறதோ, அது யாரிடமிருந்து வாங்குகிறது என்பதில் இன்று பொறியாளர்கள் குறியாக இருப்பதற்கு இப்படிப்பட்ட சம்பவங்களே காரணம்.

இரண்டாவது எதிரி ஓபடாயா ஸ்டேன். டென்னி ஓநீல் எழுத, லூக் மெக்டானல் வரைய, 1982இல் வந்தான். ஹாம்மரை விடக் கொடியவன், நிதானமானவன். சிறுவனாக இருந்தபோது சதுரங்கப் போட்டியில் எதிராளியின் மனத்தைக் கலைக்க அவனுடைய நாயைக் கொன்றவன் என்று அவன் முன்கதை சொல்கிறது. ஸ்டார்க்கிடமும் அதே ஆட்டத்தைத்தான் ஆடினான். ஒரு பெண்ணை அனுப்பிக் காதலிக்க வைத்து, பிறகு விலகச் சொன்னான். ஸ்டார்க் மறுபடியும் பாட்டிலைத் தொட்டான். அவன் போதையில் கிடந்த நேரத்தில் ஸ்டேன் கம்பெனியின் கடன்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்து, நிறுவனத்தையே கைப்பற்றி வாசலில் தன் பெயரைப் பொறித்துவிட்டான். கவசத்தில் ஒரு கீறல்கூட விழாமல் அயர்ன்மேனின் வீழ்ச்சி நடந்துவிட்டது. ஸ்டார்க் தெருவில் படுத்தான். கவசத்தை நண்பன் ஜேம்ஸ் ரோட்ஸ் அணிந்துகொண்டான்.

1985இல் வந்த 200ஆம் இதழில் கணக்குத் தீர்க்கப்பட்டது. குடியை விட்ட ஸ்டார்க், நண்பர்களோடு சேர்ந்து கலிபோர்னியாவில் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கியிருந்தான். ஸ்டேன் அனுப்பிய குண்டு அதைத் தகர்த்து, கூட்டாளி ஒருவரையும் கொன்றது. சிவப்பும் வெள்ளியுமான புதுக் கவசத்தோடு ஸ்டார்க் போகிறான். ஸ்டேனும் அயர்ன் மாங்கர் என்ற ராட்சதக் கவசத்தில் நிற்கிறான். ஆனால் அதை இயக்கும் கணினி வேறொரு கட்டடத்தில் இருக்கிறது. ஸ்டார்க் கவசத்தோடு மல்லுக்கு நிற்காமல் அந்தக் கட்டடத்தை உடைக்கிறான். பணம் இருந்தும் கவசத்தை முழுசாகச் செய்யத் தெரியாதவன் ஸ்டேன் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

1987 இறுதியில் தொடங்கிய ‘ஆர்மர் வார்ஸ்’ தொடர் இன்னொரு கேள்வியை எடுத்தது. பிடிபட்ட ஓர் எதிரியின் கவசத்தைப் பிரித்துப் பார்க்கும் ஸ்டார்க், உள்ளே தன் கைவேலை இருப்பதைக் காண்கிறான். ஸ்பைமாஸ்டர் என்ற உளவாளி வரைபடங்களைத் திருடி ஹாம்மருக்கு விற்க, ஹாம்மர் ஊரெல்லாம் விற்றிருக்கிறான். நீதிமன்ற வழி உதவாது என்று தெரிந்ததும், அத்தனை கவசங்களையும் தானே தேடிப்போய்ச் செயலிழக்கச் செய்கிறான் ஸ்டார்க். அரசாங்கச் சிறைக் காவலர்களின் கவசத்தையும் விடவில்லை. திருட்டுக் கொடுத்தவனே சட்டத்தை மீறியவனாகிறான். அயர்ன்மேன் கதைகளில் மிகச் சிறந்தது இதுவே என்று சொல்வோர் உண்டு. அதை மறுப்பது கடினம்.

கண்டுபிடித்தவருக்கு நிஜ வாழ்விலும் இந்தச் சிக்கல் உண்டு. மலேசியாவின் புலாவ் செபாங்கிலோ தம்பினிலோ பட்டறை வைத்திருக்கும் ஒருவர், செம்பனைக் குலையை லாரியில் ஏற்றுவோரின் முதுகைத் தாங்கும் சட்டம் ஒன்றைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை இரகசியமாகவே வைத்திருக்கலாம். ஆனால் ஒன்றை விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்ப்பவரை அது தடுக்காது. காப்புரிமை எடுக்கலாம், ஆனால் செய்முறையை விளக்கமாக எழுதி ஊரறியக் கொடுத்தால்தான் உரிமை கிடைக்கும். மலேசியாவில் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. விண்ணப்பிப்பது மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில். காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு செல்லும். சிறு கண்டுபிடிப்புகளுக்கு ‘பயன்பாட்டுப் புத்தாக்கம்’ என்ற எளிய சான்றிதழும் உண்டு. அது 10 ஆண்டு, பொருள் உண்மையிலேயே பயன்பாட்டில் இருப்பதைக் காட்டினால் ஐந்தைந்து ஆண்டாக இருமுறை நீட்டலாம். பொருளைக் கண்காட்சியில் காட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்தால் புதுமை என்ற தகுதி போய்விடும். உரிமை கிடைத்த பின்னும், மீறுபவர்மேல் வழக்குப் போட வேண்டியவர் உரிமையாளரே. பெரிய நிறுவனத்தோடு மோதும்போது சிறியவருக்கு வலிப்பது அந்த இடம்தான்.

திரைப்படங்கள் இந்த வில்லன்களை விடாமல் எடுத்துக்கொண்டன. ஜான் ஃபாவ்ரூவின் 2008ஆம் ஆண்டுப் படத்தில் ஜெஃப் பிரிட்ஜஸ் நடித்த ஸ்டேன், ஸ்டார்க்கின் அப்பா காலத்துப் பங்காளி. தோளில் கைபோட்டுப் பேசுபவர். ஸ்டார்க்கைக் கொல்லக் கூலி கொடுத்ததும் அவரே. நிர்வாகக் குழுவில் காய் நகர்த்தி ஸ்டார்க்கை ஓரங்கட்டுகிறார். பிறகு சோபாவில் அசைய முடியாமல் உட்கார்ந்திருக்கும் அவன் நெஞ்சிலிருந்து, இதயத்தைக் காக்கும் மின்னுலையைப் பிடுங்கி எடுக்கிறார். 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில் சாம் ராக்வெல்லின் ஹாம்மர் ஓர் அசட்டுப் போட்டியாளர். அவருடைய கம்பெனி செய்த கவசத்தின் சோதனைப் படம் செனட் விசாரணையில் திரையிடப்படுகிறது. உள்ளே ஆள் இருக்க, கவசத்தின் இடுப்புக்கு மேற்பகுதி மட்டும் திருகிக்கொள்கிறது. சிரிப்பு வரும் காட்சிதான். ஆனாலும் 1979இன் அந்த ஈரமில்லாத நெஞ்சுக் கிழவனை இழந்தது படத்துக்கு நஷ்டம்.

தமிழ் வாசகர்களுக்கு இரும்பு நாயகன் அதற்கும் முன்பே அறிமுகம். 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ இதழில் தொடங்கிய ‘தி ஸ்டீல் கிளா’, 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் வழியாக ‘இரும்புக்கை மாயாவி’ ஆனது. 2019இல் ‘அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்’ தமிழில் வந்தபோது அயர்ன்மேனுக்குக் குரல் கொடுத்தவர் விஜய் சேதுபதி. அது பொருந்தியதா இல்லையா என்று ரசிகர்கள் அடித்துக்கொண்டார்கள். கண்டுபிடிப்பாளனும் பொறாமைக்காரனும் மோதும் கதைக்குத் தமிழில் நேர் உதாரணம் ஷங்கரின் ‘எந்திரன்’. விஞ்ஞானி வசீகரன் செய்த சிட்டி என்ற எந்திர மனிதனை, அவருடைய குருவான போரா முதலில் அங்கீகரிக்க மறுக்கிறார். பிறகு குப்பைமேட்டில் கிடந்த அதை எடுத்துச் சிவப்புச் சில்லு ஒன்றைச் செருகுகிறார். சொந்தமாக எந்திரம் செய்து தோற்றவர், அடுத்தவர் எந்திரத்தைக் கெடுத்து ஜெயிக்கப் பார்க்கிறார். ஸ்டேனும் போராவும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

கவசமும் எந்திரமும் இல்லாமல் இதே சதி தமிழர் வரலாற்றில் நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் என்ற பி.ஐ. கம்பெனியை மலேசியத் தோட்டத்துப் பெரியவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பல குடும்பங்களை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹமுக்கும் ஏற்றி வந்த ரஜூலா அந்தக் கம்பெனியின் கப்பல். தூத்துக்குடி–கொழும்பு வழியில் அதன் ஏகபோகத்தை எதிர்த்து வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய்.

சங்கத்திடம் அப்போது சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்திருந்தது. பி.ஐ. தொட்டது அந்த வாடகை ஒப்பந்தத்தை. நெருக்குதல் தாங்காமல் ஷாலைன் பின்வாங்க, வ.உ.சி. கொழும்பிலிருந்து வேறு கப்பல் பிடித்து ஓட்டினார். 1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் சொந்தமாக வந்து சேர்ந்தன. பிறகு கட்டணச் சண்டை: பி.ஐ. ஒரு ரூபாயாகக் குறைத்தால் சுதேசிக் கப்பலில் எட்டணா. கடைசியில் பி.ஐ. இலவசமாகவே ஏற்றிச் சென்று, ஆளுக்கொரு குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். அப்படியும் சனங்கள் சுதேசிக் கப்பலை விடவில்லை. விலைப்போர் முடிக்காததை அரசாங்கம் முடித்துவைத்தது. 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார், ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. அது மேல்முறையீட்டில் குறைந்து, 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது சங்கம் கலைக்கப்பட்டிருந்தது. அதன் கப்பலை வாங்கியது பி.ஐ. கம்பெனியே.