ஊசியும் உண்டு, இன்ஹேலரும் வேண்டும்

மெத்தையிலும் தலையணையிலும் படியும் தூசியில் வாழும் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆஸ்துமா குழந்தையை இரவெல்லாம் இரைக்க வைத்துவிடும். அந்தப் பூச்சியின் சாற்றையே மிகச் சிறிய அளவில் தோலுக்கு அடியில் செலுத்தி, படிப்படியாகக் கூட்டி, உடலைப் பழக்குவதுதான் ஒவ்வாமை ஊசி. 1911ல் லண்டனில் லெனார்ட் நூன் புல் மகரந்த ஒவ்வாமைக்குக் கையாண்ட அதே வழி.

எல்லாக் குழந்தைகளுக்கும் இது பொருந்தாது. எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது முதலில் தோல் அல்லது ரத்தப் பரிசோதனையில் உறுதியாக வேண்டும். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் போடுவதில்லை. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோது போட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 30 நிமிடமாவது டாக்டரின் பார்வையில் இருக்க வேண்டும். அட்ரினலின் மருந்தும் தயாராக இருக்க வேண்டும்.

சிகிச்சை 3 முதல் 5 ஆண்டுகள் நீளும். பலன் தெரியவே மாதங்கள் ஆகும். பெற்றோர் சிலர் தவறு செய்வது இங்கேதான். 'பழக்கமாகிவிடும்' என்று பயந்து இன்ஹேலரை நிறுத்திவிட்டு ஊசியை மட்டும் நம்புகிறார்கள். பலன் கிடைத்தால் இன்ஹேலர் மருந்தின் அளவு குறையலாம். ஆனால் எப்போது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.