வரலாறும் சட்டமும்

கடந்தகாலத்தை மாணவர்க்கு எவ்வாறு கற்பிப்பது என்பதைச் சட்டம் முடிவு செய்யலாமா? இவ்வினா 2005ஆம் ஆண்டு பிரான்சில் பெரும் விவாதமாயிற்று.

அல்ஜீரியாவில் 1830இல் படையிறக்கிய பிரான்ஸ், நீண்ட விடுதலைப் போருக்குப் பின் 1962இல் அந்நாட்டை விட்டு வெளியேறியது. அங்கிருந்து பிரான்சுக்குப் பெயர்ந்த குடியேறிகளுக்கு நன்றி தெரிவிக்க, 2005 பிப்ரவரி 23 அன்று சட்டமொன்று இயற்றப்பட்டது. கடல்கடந்த பகுதிகளில், குறிப்பாக வட ஆப்பிரிக்காவில், பிரெஞ்சு ஆட்சியால் விளைந்த நன்மையைப் பள்ளிப் பாடத்திட்டம் ஏற்றுரைக்க வேண்டும் என்று அதன் நான்காம் பிரிவு கூறியது.

வரலாற்றறிஞர் பலர் இதனை எதிர்த்தனர். சாலைகளையும் பள்ளிகளையும் மட்டும் எண்ணிக்காட்டி, நிலப்பறிப்பையும் அடக்குமுறையையும் மறைப்பது வரலாறு ஆகாது என்பது எதிர்த்தோர் வாதம். மார்த்தினிக் தீவின் கவிஞர் எமே செசேர், ஆளுங்கட்சித் தலைவரும் உள்துறை அமைச்சருமான சார்கோசியைச் சந்திக்க மறுத்தார். வரலாறு எழுதுவது சட்டத்தின் பணியன்று என்றார் குடியரசுத் தலைவர் சிராக். 2006 பிப்ரவரியில் அவ்விதி நீக்கப்பட்டது.

எனினும், குடியேறியோர் நினைவும் ஆளப்பட்டோர் நினைவும் இன்றளவும் ஒன்றுபடவில்லை. இரண்டையும் சான்றுகளோடு வைத்து ஆராய்வதே வரலாற்று வகுப்பின் கடமையாகும்.