விமானம் ஓட்டக் கத்துக்கலாமா? கைக்கும் காலுக்கும் முதல் பாடம்

தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஊரே வானத்தை அண்ணாந்து பார்க்கும் நேரத்தில், "நானும் பைலட் ஆகணும்" என்று உங்க வீட்டுப் பிள்ளை கேட்டால் என்ன சொல்வீங்க?

பறக்கும் ராக்கெட்டின் திசையைக் கணினி பார்த்துக்கொள்ளும். பயிற்சி விமானத்தை நம் கையும் காலும்தான் ஓட்டணும். அதன் அடிப்படை இதுதான்.

எதை அசைத்தால் என்ன நடக்கும்?

• கட்டுப்பாட்டுத் தண்டை நம் பக்கம் இழுத்தால், வாலில் உள்ள எலிவேட்டர் மேலே மடங்கும். வால் தாழும், மூக்கு உயரும். முன்னால் தள்ளினால் மூக்கு தாழும்.
• தண்டை இடது பக்கம் சாய்த்தால் இறக்கைகளில் உள்ள ஏலரான்கள் அசைந்து, விமானம் இடப்புறம் சாய்ந்து திரும்பும். சைக்கிளில் வளைவு எடுக்கும்போது சாய்வோமே, அது மாதிரி.
• கால் பெடல்கள் வாலில் நிற்கும் ரட்டரை அசைக்கும். பார்க்கப் படகுச் சுக்கான் மாதிரி இருந்தாலும், இதை மட்டும் வைத்து விமானத்தைத் திருப்புவதில்லை. திரும்பும்போது மூக்கைச் சீராக வைக்கவும், பக்கக்காற்றில் தரையிறங்கவும் இது உதவும்.
• திராட்டில், என்ஜின் சக்தியைக் கூட்டும், குறைக்கும்.

பயத்தில் இழுக்காதீங்க!

மேலே போகணும்னா தண்டை இழுத்துக்கிட்டே இருந்தா போதுமா? போதாது. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால், இறக்கை மேல் ஓடும் காற்று பிரிந்து, தூக்கு விசை சட்டென்று குறையும். இதுதான் 'ஸ்டால்'. விமானம் கீழே இறங்குவதைப் பார்த்ததும் கை தானாக இழுக்கத்தான் பார்க்கும். அப்படி இழுத்தால் நிலைமை மோசமாகும். முதலில் தண்டை முன்னால் தள்ளணும், சக்தியைக் கூட்டணும், வேகம் வந்ததும் மெதுவாக நிமிர்த்தணும். பயிற்சியாளருடன் நல்ல உயரத்தில் இதைப் பலமுறை பழகுவது அதனால்தான்.

பணம் கட்டும் முன்…

1. மாணவர் பைலட் உரிமத்துக்கு 16 வயது, தனியார் பைலட் உரிமத்துக்கு 17, வணிக பைலட் உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும்.
2. வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்த அனுபவம் தேவை. பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கேட்கப்படும் என்பதால், பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே யோசிங்க.
3. முதல் வேலையாக, டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் உடல் தகுதிச் சோதனை செய்துகொள்ளுங்கள். லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிய பிறகு "தகுதி இல்லை" என்று வந்தால் நஷ்டம் குடும்பத்துக்குத்தான்.
4. பயிற்சி நிறுவனம் டிஜிசிஏ அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா, விதிகள் மாறியிருக்கிறதா என்று அதன் இணையதளத்தில் உங்கள் போனிலேயே பாருங்கள்.

ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டு அனுப்புங்க.