கூடார வண்டியும் சக்கர நாற்காலியும்

பிரிட்டனில் விடுமுறை வந்தால் மோட்டாருக்குப் பின்னால் கூடார வண்டியைப் பூட்டிக்கொண்டு புறப்படும் குடும்பங்கள் அநேகம். பெட்டி போல் மடங்கியிருக்கும் வண்டி, போய்ச் சேர்ந்ததும் விரிந்து வீடாகிவிடும். நடக்க இயலாத குழந்தை உடன் வருமானால், எத்தனை பேர் படுக்கலாம் என்பது பிற்பாடு. படுக்கை எவ்வளவு உயரம் என்பதே முதல் கேள்வி. பெரும்பாலும் அது வண்டியின் மேலேதான் அமைகிறது. இரவுதோறும் நாற்காலியிலிருந்து அங்கே தூக்கிக் கிடத்த வேண்டும். ஐந்து வயதில் அது விளையாட்டு; பத்து வயதில் பெற்றவர் முதுகு பதில் சொல்லும்! தரையோடு விரியும் துணி முன்கூடத்தில் தாழ்ந்த கட்டில் ஒன்று போட இடமிருந்தால் சிரமம் வெகுவாகக் குறையும். வாசல் விளிம்பின் துணி மடிப்பு சக்கரத்தைத் தடுக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். பிரேக் இல்லாத வண்டி சாமானுடன் 750 கிலோவைத் தாண்டலாகாதென்பது அங்கே சட்டம். வண்டியில் ஏற்றினால் நாற்காலியும் அந்தக் கணக்கில் சேரும். விலை பேசுமுன் கடையிலேயே வண்டியை விரிக்கச் சொல்லி, குழந்தையை நாற்காலியோடு உள்ளே விட்டுப் பார்ப்பது உத்தமம்.