வன்னியின் பட்டறைகள் – 6: பழகினவர்களும் படித்தவர்களும்

பொருளாதாரத் தடை வன்னியை இறுக்கிய 1990களில் அங்கே மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகை கக்கும், பிளக்கில் கரி பிடிக்கும், ஆனாலும் ஓடும். உதிரிப்பாகம் வராத ஊரில் பழையதைக் கடைந்தும் ஒட்டியும் பொருத்தியும் அந்த வண்டிகளை ஓட வைத்தவர்களில் பலர் தொழில்நுட்பக் கல்லூரி வாசலை மிதித்ததேயில்லை. கராஜில் நின்று வேலை பழகினவர்கள்.

போர் முடிந்து கம்பனிகள் வடக்கே வந்தபோது கதை மாறியது. வேலை தெரியுமா என்பதற்கு முன்பே "சேட்டிபிக்கற் இருக்கா?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக இலங்கையில் இருப்பது தேசிய தொழிற்தகைமை. ஊர்வழக்கில் என்.வி.கியூ. ஏழு மட்டங்கள். முதல் நான்கும் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழாவது பட்டம். நான்காம் மட்டம் பெற்றவர் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் தன் தொழிலைச் செய்யக்கூடியவர் என்று பொருள். புள்ளி போட்டுத் தரம் பிரிக்கும் வழக்கம் இங்கே இல்லை. மதிப்பீட்டாளர் முன்னிலையில் வேலையைச் செய்து காட்ட வேண்டும். தேர்ச்சி உண்டா, இன்னும் இல்லையா என்பதுதான் முடிவு. பள்ளிப் பரீட்சையில் தோற்றுத் தோற்றுச் சலித்த பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

இந்த ஏணியில் வன்னிக்குக் கிடைத்த பெரிய படி, 2016இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். ஜேர்மன் அரசின் உதவியில் எழுந்தது. வாகனம், மின், இயந்திரம், கட்டுமானம், உணவுத் தொழில்நுட்பம், தகவல் தொழில்நுட்பம் என்று துறைகள். பக்கத்திலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். நெல்லும் பாலும் கடலுணவும் விளையும் மாவட்டங்களுக்கு நடுவே உணவுத் தொழில்நுட்பத்துக்கு ஒரு துறை வைத்தது நல்ல யோசனை.

இதற்கு ஒரு மூத்த அண்ணன் தெற்கே உண்டு. 1958இல் பஸ் சேவை தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. மறுவருடமே ஜேர்மன் உதவியோடு, இன்று மொரட்டுவையில் இயங்கும் பயிற்சி நிறுவகம் தொடங்கியது. சபையின் பஸ்களைப் பராமரிக்க ஆட்களை உருவாக்குவதே அதன் முதல் வேலை. படித்து முடித்தவனுக்குக் கழற்றிப் பூட்ட பஸ்கள் காத்து நின்றன. ஜேர்மன் முறையின் உயிரும் அதுதான்: வாரத்தில் ஓரிரு நாள் பாடசாலை, மற்ற நாள் தொழிற்சாலை. தொழிற்சாலைதான் முதல் வாத்தியார்.

கிளிநொச்சிப் பிள்ளைக்கு அந்த வாத்தியார் எங்கே?

முன்பு இருந்தார். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை உப்புக்கரைசலை மின்னால் பகுத்துக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. உப்புக்கு ஆனையிறவு, தொழிற்சாலைக்குப் பரந்தன், இரண்டுக்கும் இடையே சில மைல். மின்பகுப்புக் கலத்தையும் குளோரின் குழாயையும் கையாளத் தெரிந்த ஒரு தலைமுறை அங்கே உருவானது. 1985இல் போர் ஆலையை மூடியது. கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். வால்வின் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லும் ஆள், தனக்குப் பின் ஒருவரைப் பழக்காமலே போய்விட்டால், அந்த இடத்தை எந்தப் பாடநூலும் உடனே நிரப்பாது. அந்த நிறுவனம் பின்னர் குளோரினை இறக்குமதி செய்து விற்கும் நிலைக்கு வந்தது.

இப்போது பெருமளவில் ஆள் எடுப்பவை ஆடைத் தொழிற்சாலைகள்: கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் வானவில், வவுனியாவில் ஒமேகா லைன். தையல் இயந்திரத்தில் அமரும் பெண்களுக்கு ஆலைக்குள்ளேயே வேலை பழக்குகிறார்கள். வேலை தெரிந்துவிடுகிறது, ஆனால் அது கையில் எடுத்துப் போகக்கூடிய தகைமையாக எழுதப்படாவிட்டால், பத்து வருட அனுபவமுள்ளவரும் அடுத்த ஆலையில் புதிதாகச் சேர்ந்தவர் போலத்தான்.

இவர்களுக்கும் அந்தக் கராஜ்காரருக்கும் சட்டத்தில் ஒரு கதவு ஏற்கெனவே இருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர். வகுப்பில் உட்காராமலே, செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டி என்.வி.கியூ. பெறலாம். வன்னியில் இந்தக் கதவைத்தான் முதலில் அகலத் திறக்க வேண்டும். புதுக் கட்டடம் தேவையில்லை. மதிப்பீட்டாளர் தமிழில் பேசி, ஒட்டுசுட்டானிலோ முழங்காவிலிலோ உள்ள பட்டறைக்கே போனால் பாதி வேலை முடிந்தது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் படிவத்தோடு அலையச் சொன்னால் கராஜ்காரர் வரமாட்டார். அதில் அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

சான்றிதழ் மட்டும் பெருகினால் என்னாகும் என்பதற்கும் விடை தெரியும். பொருளாதாரம் சரிந்த 2022இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். உள்ளூரில் லேத்தோ ஆலையோ காத்திருக்காத பிள்ளைக்கு என்.வி.கியூ. நான்கு, கடவுச்சீட்டோடு சேர்த்துக் கோர்க்கும் இன்னொரு தாளாகிறது. போகிறவரைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. போவதற்கு மட்டுமே பயிற்றுவிப்பதாக ஆகிவிட்டால்தான் சிக்கல்.

2025 வரவு செலவுத் திட்டத்தில் காங்கேசன்துறை, மாங்குளம், பரந்தன் ஆகிய மூன்று இடங்களுக்கும் தொழில் வலயங்கள் அறிவிக்கப்பட்டன. பரந்தனில் என்ன ஆலை வரும், அதற்கு எத்தனை மின்னியலாளர், எத்தனை கருவித் தொழில்நுட்பவியலாளர் வேண்டும் என்ற பட்டியல், வேலி போடுவதற்கு முன்பே அறிவியல் நகருக்குப் போய்ச் சேர வேண்டும். பயிற்சிக்கு வருடங்கள் பிடிக்கும். ஆலையைத் திறந்துவிட்டு ஆள் தேடினால் பஸ் ஏறி வருகிறவர்கள் வேறு மாவட்டத்தவராகத்தான் இருப்பார்கள்.

அடுத்த வாரம்: 2025 மார்ச்சில் மேசை உப்பு உற்பத்தி தொடங்கிய ஆனையிறவு உப்பளம்.