கல் நடுமுன் கருத்துக் கேட்க வேண்டும்

கேரளத்தில் திருவனந்தபுரத்திலிருந்து காசர்கோடு வரை சுமார் 530 கிலோமீட்டர் தூரத்துக்குத் திட்டமிடப்பட்ட ‘சில்வர் லைன்’ இருப்புப்பாதையைப் பற்றி அங்கத்தினர் பலரும் கேள்வியுற்றிருப்பர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மணி நேரத்துக்குள் பயணம் முடியும் என்றும், ஏறத்தாழ 64,000 கோடி ரூபாய் செலவாகும் என்றும் மாநில அரசாங்கம் அறிவித்தது. சாலை நெரிசல் மிகுந்த அம்மாநிலத்துக்கு விரைவான போக்குவரத்து தேவை என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும், வீட்டு முற்றங்களிலும் தோட்டங்களிலும் மஞ்சள் நிற எல்லைக்கற்கள் நடப்பட்டபோது கடும் எதிர்ப்பு மூண்டது. 2022 மார்ச் மாதம் கோட்டயம் மாவட்டத்து மாடப்பள்ளியில் பெண்களே முன்னின்று தடுத்தனர். போலீசார் அவர்களை இழுத்துச் சென்ற காட்சி மாநிலமெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. பல ஊர்களில் கற்கள் பிடுங்கி எறியப்பட்டன. காங்கிரசும் பாரதிய ஜனதாவும் தனித்தனியே போராடின.

சமூகப் பாதிப்பை ஆராய்வதற்கே கல் நடுகிறோம், நிலத்தை எடுப்பதற்கு அன்று என்றது அரசாங்கம். 2013-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டப்படி கிராமப்புறங்களில் சந்தை மதிப்பைப் போல் நான்கு மடங்கு வரை நஷ்டஈடு பெறவும் வழி உண்டு. ஆனால் மக்கள் கேட்டது பணத்தைப் பற்றி மட்டுமன்று. 2018-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தைக் கண்டவர்கள், நெடுந்தூரம் மண்ணணை எழுப்பினால் நீர் எவ்வழியே வடியும் என்று வினவினர். கல் நட்ட நிலத்தை ஈடு வைத்துக் கடன் பெற முடியுமா என்று அஞ்சினர். தடையில்லை என்று அரசாங்கம் சொல்லியும் அவ்வச்சம் தணியவில்லை. நிலத்தின் பேரில் பயிர்க்கடன் பெறும் நம்மவர்க்கு அவ்வச்சத்தின் பாரம் விளங்காமற் போகாது.

முடிவில், 2022 மே மாதம் கல் நடும் வேலை நிறுத்தப்பட்டது. நவம்பரில், இதற்கென அமர்த்தப்பட்ட வருவாய்த்துறை ஊழியர்களும் திருப்பி அழைக்கப்பட்டனர். மத்திய அரசாங்கத்தின் இறுதி அனுமதியும் அதுவரை கிட்டவில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. நமது சங்கத்தில் ஒரு கிடங்கு கட்டுவதாயினும், கணக்கையும் வரைபடத்தையும் மகாசபையின் முன் வைத்து, எதிர்ப்பவர் சொல்லையும் கேட்ட பின்னரே தீர்மானம் செய்கிறோம். அதனால் சிறிது காலம் செல்லலாம். ஆனால் அவ்வாறு எடுத்த முடிவைக் காக்கப் போலீஸ் வேண்டியதில்லை. பெருந்திட்டங்களுக்கும் இம்முறையே பொருந்தும் என்பது நமது துணிபு.